கோமதி தண்ணி

நல்லூரணி என்கிற கரிசல்காட்டு ஊருக்குப் பெயரில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. தரையில் இருந்த ஊரணியில் ஆடுகள் படுத்துக் கிடந்தன, ஆழ்குழாயில் வந்தது வாயில் வைக்க முடியாத உப்பு, அதில் துவரம்பருப்பைப் போட்டால் விறகு தீருமே தவிர பருப்பு வேகாது, ஆற்றிலிருந்து குழாய் வழியாக வருகிற நல்ல தண்ணீரோ நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது, ஆகவே அந்த ஊர்ப் பெண்களுக்குப் பொழுது விடிவதும் அடைவதும் குடத்தோடுதான். அப்படிப்பட்ட ஊரில், ஆறாம் வகுப்புப் படித்த கோமதி என்ற பிள்ளை தமிழ்ப் பாடத்தை வாசிக்க முடியாமல் திணறி நின்ற ஒரு பகலில், பள்ளிக்கூடத்துக்கு மேலே மட்டும் மழை பெய்தது.

தலைமையாசிரியர்தான் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொன்னார். கோமதிக்கு எழுத்துகள் தெரியும், தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றையும் சொல்லிவிடுவாள், ஆனால் அவை வரிசையாகச் சேர்ந்து நின்றால், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தெரிந்த முகம் காணாமல் போகிற மாதிரி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். அவள் முதல் சொல்லில் ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள், இரண்டாவது சொல்லைத் தூக்கி முதல் சொல்லுக்கு முன்னால் வைத்தாள், வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது, அவள் தலை குனிந்தது, காது மடல் சிவந்தது, அந்த நேரம் பார்த்து ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. வானத்தில் மேகம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு உள்ளே கொட்டியது, சுவருக்கு வெளியே ஆட்டுப் புழுக்கைகூட நனையவில்லை. ஏன் பெய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, அந்த ஊரில் தண்ணீரைப் பார்த்துக் கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. சத்துணவு சமைக்கிற அம்மாள் மட்டும், "ஏ, அண்டாவத் தூக்கி வெளிய வைக்காம என்ன பராக்குப் பாக்கீக" என்று சத்தம் போட்டாள்.

கோமதியின் அம்மா வேலுத்தாய்க்குச் செய்தி தீப்பெட்டி ஆபீசில் கிடைத்தது. ஓடிவந்தவர்கள் மழையைத்தான் பெரிதாகச் சொன்னார்கள், அண்டா நிறைந்ததைச் சொன்னார்கள், அந்தத் தண்ணீரில் போட்ட பருப்பு பூவாக மலர்ந்ததைச் சொன்னார்கள். வேலுத்தாயின் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான், பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை. குச்சி அடுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வேலுத்தாயும் அதே பள்ளிக்கூடத்தில், அதே ஓட்டுக்குக் கீழே, அப்படியே திணறி நின்றவள். அவள் நின்றபோது மழை எதுவும் பெய்யவில்லை, பிரம்புதான் பெய்தது. ஐந்தாம் வகுப்பு முடியுமுன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள், அன்றிலிருந்து வாசிக்கத் தெரியாததை மறைத்துவைப்பதையே ஒரு படிப்பாகப் படித்துத் தேறினாள். பஸ் வந்தால் போர்டைப் பார்க்கிற பாவனையில் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் "இது கோயில்பட்டிதான" என்பாள், ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டினால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்வாள், அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துப் பொங்கலுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் வந்துபோகிற புருஷனுக்குக்கூட அது தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள், பழகிய கோலத்தைப் போடுகிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் வந்து, "யாரக் கொண்டு பொறந்திருக்கு மதினி இந்தப் பிள்ள?" என்று கேட்டாள். வேலுத்தாய் யோசிக்கக்கூட இல்லை. "எல்லாம் அவுக அப்பா வீட்டு வழிதான். அங்க ஒருத்தருக்கும் படிப்பு ஏறாது" என்றாள். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கம் அவளுக்குப் புதிதில்லை, மாற்றுச் சேலை மாதிரி எப்போதும் ஒன்று கைவசம் இருக்கும்.

ஊரோ அந்த அதிசயத்தைச் சீக்கிரமே அண்டா, குண்டாவோடு சேர்த்து வீட்டுச் சாமானாக ஆக்கிக்கொண்டது. கோமதி எங்கே நின்று வாசித்துத் திணறுகிறாளோ அங்கே ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு மழை பெய்கிறது என்று தெரிந்ததும் பஞ்சாயத்து பிரசிடெண்ட் அய்யலுச்சாமி ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம் போட்டார். கூட்டத்தில் சண்டை வந்தது, எந்தத் தெருவுக்கு முதலில் என்பதில்தான் சண்டை. கடைசியில் சாயங்காலம்தோறும் மந்தையில் வாசிப்பு, தெருவுக்கு ஒரு நாள் முறை என்று முடிவானது. மைக்செட் வைத்தார்கள், மைக் இல்லாவிட்டால் வானத்துக்குக் கேட்காது என்று ஒருவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அந்தத் தண்ணீருக்குக் கோமதி தண்ணி என்று பேர் வந்தது. "கோமதி தண்ணி பிடிச்சாச்சா?" என்று தெருவில் விசாரித்துக்கொண்டார்கள், பெண் பார்க்க வந்தவர்களிடம் "கோமதி தண்ணியில போட்ட காப்பி, குடிச்சுப் பாருங்க" என்று பெருமை பேசினார்கள், அம்மன் கோயில் கொடைக்கு மஞ்சள் தண்ணீர் கரைத்ததும் அதில்தான்.

எதை வாசிக்க வைப்பது என்பதில் ஊருக்கே ஒரு நுணுக்கம் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் ஆரம்பித்து, செய்தித்தாளுக்குப் போய், அதுவும் பிள்ளைக்குப் பழகிவிடும் என்று பயந்து, மின்சார ஆபீஸ் நோட்டீஸ், நிலப் பத்திரம், லேகிய டப்பாவில் ஒட்டியிருந்த காகிதம் என்று கடினமானதாகத் தேடித் தேடிக் கொண்டுவந்தார்கள், பெட்டிக்குள் பல வருஷமாக உறங்கிய பத்திரங்களெல்லாம் அந்தப் பிள்ளை வாயில் நொறுங்கின. கோமதிக்கு மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தலைக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார்கள், கோயிலில் முதல் பிரசாதம் கொடுத்தார்கள், மந்தையில் நாற்காலி கொடுத்தார்கள், படிப்பு ஒன்றைத் தவிர எல்லாம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. வருஷா வருஷம் அடுத்த வகுப்பில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பிள்ளை வாசித்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம் தலைமையாசிரியருக்கும் இருந்தது, அவர் வீட்டிலும் குடம் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாய் உடைந்து மாதக்கணக்கில் ஆகியும், அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கவேண்டும் என்பதே ஊருக்கு மறந்துபோனது.

வேலுத்தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். மகள் மைக்கில் திணறும்போதெல்லாம் அவள் உதடும் சத்தமில்லாமல் கூடவே திணறும். பிறகு மழை வரும், எல்லாப் பெண்களோடும் அவளும் எழுந்து குடத்தைக் கொண்டுபோய் வைப்பாள். முதல் தடவை வைக்கும்போது கை கூசியது. போகப் போகக் கூசவில்லை. கூசாமல் போனதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகம் கூசியது.

எட்டாம் வகுப்பில் மழை இளைத்தது. தினமும் திணறுகிறவளுக்குத் திணறல் பழகிவிட்டது, கோமதி தப்புத் தப்பாக வாசித்துவிட்டு நிமிர்ந்து நின்றாள், மழை தூறலாகி, தூறல் சேலைத் தலைப்பை நனைக்கவும் போதாமல் போயிற்று. ஊர் கலங்கிப்போய் இருந்த ஒரு நாளில், அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க, முன்னால் இருந்த குட்டிப் பிள்ளைகள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டன. கோமதியின் முகம் சுருங்கியது, சுருங்கிய மறுகணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"ஏ மதினி, வாசிக்கதுக்குப் பெய்யல. அவ வெக்கப்படுதால்ல, அதுக்குத்தான் பெய்யுது!" என்று குருவம்மாள் நனைந்துகொண்டே கத்தினாள். மோட்டாரில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் குரலில் இருந்தது.

அதற்கப்புறம் ஊர் சிரிக்கப் பழகியது. கெட்ட ஜனங்கள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சிரிப்பதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பார்கள், "தாயி, மனசுல வச்சுக்காத, வீட்டுல சொட்டுத் தண்ணியில்ல" என்று தாடையைத் தொட்டுக் கெஞ்சிவிட்டுப் போய் உட்கார்ந்து, அவள் முதல் சொல்லில் சறுக்கியதும் எல்லோருமாகச் சேர்ந்து சிரிப்பார்கள். சிரிப்பு வராதவர்கள் பக்கத்திலிருப்பவரைக் கிச்சுகிச்சு மூட்டச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முன்னால் உட்காரவைத்தார்கள், பெரியவர்கள் சிரிப்பைவிட அதுகள் சிரிப்பு நன்றாக உறைத்தது. குடங்கள் நிறைந்ததும் ஓடிவந்து கோமதியின் தலையைத் துவட்டிவிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், சூடாகப் பால் கொடுப்பார்கள். கோமதி ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தன் பங்குக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ரிப்பேராகிக் கிடக்கிற மிக்சி, டார்ச் லைட் எதையாவது பிரித்துப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டி ஓடவும் வைத்துவிடுவாள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் தண்ணீர் வராதே.

ஒன்பதாம் வகுப்பில் ஜெபமலர் டீச்சர் வந்தாள். வட்டார வள மையத்திலிருந்து ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், படிப்பில் இடறுகிற பிள்ளைகளைப் பார்க்கிற வேலை, வேலையில் சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மழையைப் பற்றி ஆளாளுக்குச் சொன்னபோது, "சரி, அது இருக்கட்டும்" என்றுவிட்டு, கோமதியைப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லாமல், தான் பாடத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டாள். கோமதி ஒன்று விடாமல் பதில் சொன்னாள். மின்சாரப் பாடத்தில் டீச்சர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

டீச்சர் வேலுத்தாயைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, இவளுக்கு எழுத்து ஒண்ணாச் சேரும்போதுதான் இடறுது. நெறையப் பிள்ளைங்களுக்கு இருக்கு. புத்தியில ஒரு குறையும் இல்ல. பரீட்சையில கேள்விய வாசிச்சுக் காட்டவும், இவ சொல்லச் சொல்ல எழுதவும் ஆள் போடுவாங்க, நேரமும் கூடக் குடுப்பாங்க. நான் ஏற்பாடு பண்றேன். இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது. உங்களுக்கோ, அவங்க அப்பாவுக்கோ இந்த மாதிரி இருந்துச்சா?"

அவள் கேட்ட விதத்தில் ஏளனம் இல்லை. தலைவலி உண்டா என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். வேலுத்தாய்க்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் கோமதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கெடையாதே டீச்சர்" என்றாள் வேலுத்தாய்.

டீச்சருக்கு முன்னால் கோமதி எழுத்துக்கூட்டித் திணறினாள், விரலை வைத்து வரியைத் தொட்டுத் தொட்டுப் போனாள், தப்பாக வாசித்துவிட்டுத் தானே சிரித்தாள். மழை பெய்யவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு வந்த குருவம்மாள் இழவுச் செய்தி சொல்வதுபோல அதைத் தெருவெல்லாம் சொன்னாள். மறுவாரம் பிரசிடெண்ட் டீச்சரின் ஸ்கூட்டியை மறித்தார்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. பிள்ள படிக்கட்டும், வேண்டாங்கல. ரொம்பத் தைரியம் மட்டும் வர விட்டுறாதீக."

"தைரியம் வந்தா என்ன அண்ணாச்சி?"

"ஊரு காஞ்சு போயிரும்ல!"

"உடைஞ்ச குழாயைச் சரிபண்ணச் சொல்லி ஒரு மனு குடுங்க. அது உங்க வேலை. அவ வேலை இல்ல."

"மனு குடுத்தா மழை பெய்யாதே" என்று பிரசிடெண்ட் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின கோடையில் ஊர் எவ்வளவு சிரித்தும் ஒன்றும் நடக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கோமதி மைக்கில் ஒரு வரியைத் திணறி முடித்துவிட்டு, சிரிப்பு ஓயட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். அந்தச் சமயம் குருவம்மாளின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து, குளிப்பாட்ட நல்ல தண்ணீர் இல்லாமல், உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சை உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்துபோயிற்று. குருவம்மாள் அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து வேலுத்தாயின் மடியில் வைத்தாள்.

"ஊரு சொன்னா அவளுக்கு இப்ப ஒறைக்க மாட்டேங்கு மதினி. பெத்தவ சொன்னா ஒறைக்கும். ஒரே ஒரு தடவ."

வேலுத்தாய் முடியாது என்றாள். குழந்தை வீரிட்டு அழுதது. முடியாது என்று மறுபடியும் சொன்னாள், சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டாள்.

மந்தையில் கூட்டம் வழிவிட்டது. கோமதி வாசித்துக்கொண்டிருந்தாள், அம்மா மண்மேடையில் ஏறுவதைப் பார்த்துச் சிரித்தாள். வேலுத்தாய் மைக்கைப் பிடித்து, "உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருந்தா அரைக்கவாவது ஆயிருக்கும்" என்றாள். ஒன்றும் பெய்யவில்லை. அப்போது அவள் தேடி எடுத்த சொல்லைத்தான் அவளால் பிறகு எந்தத் தண்ணீரிலும் கழுவ முடியவில்லை. "எங்க வம்சத்துலயே உன்ன மாதிரி ஒரு மக்கு பொறந்ததில்லட்டி" என்றாள்.

கோமதியின் முகம் ஒரு கணம் ஒன்றும் ஆகாமல் இருந்தது. பிறகு கழுத்து மடிந்தது. பந்தல் அகலத்துக்கு இல்லை, அன்றைக்கு ஊர் முழுக்கப் பெய்தது, குடம் நிறைந்து, தொட்டி நிறைந்து, தெரு ஓடையாகி, ஊரணியில் படுத்திருந்த ஆடுகள் அலறிக்கொண்டு கரையேறின. ஜனங்கள் வேலுத்தாயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "தாய்னா இவதான் தாய்" என்று பிரசிடெண்ட் மைக்கில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கோமதி அந்தத் தண்ணீரிலேயே உலை வைத்தாள். அரிசி களைந்து போட்டாள், பருப்பைத் தனியாக வேகவைத்தாள், வெங்காயம் உரித்தாள். வேலுத்தாய் வாசற்படியில் நின்றுகொண்டே, "ஏட்டி, அம்மா சும்மா மழைக்குத்தான் சொன்னேன். மனசாரச் சொல்லல" என்றாள்.

கோமதி திரும்பவில்லை. "சும்மா சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்மா. நான் வெக்கப்பட்டிருக்க மாட்டேன். மழையும் பெஞ்சிருக்காது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அது வேலுத்தாய்க்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பருப்பு அருமையாக வெந்திருந்தது. அவளுக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ தடவை அவள் சொல்லிவிடப் பார்த்தாள். மகள் தலைவாரும்போது, டீச்சர் அனுப்பிய பாடங்களைப் போனில் கேட்டுக்கொண்டு கோமதி குட்டிபோட்ட பூனையாக வீட்டுக்குள் நடக்கும்போது, "இது எங்கிட்டருந்து வந்ததுட்டி" என்ற ஒரே ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். உடனே அந்தப் பிள்ளை தன்னைப் பார்க்கப்போகிற பார்வை கண்முன் வரும். இத்தனை நாள் என்னை மைக்கில் நிறுத்திவிட்டு நீ குடத்தோடு உட்கார்ந்திருந்தாயா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? வேலுத்தாய்க்கு ஊருக்கு முன்னால் இருந்த வெட்கம் போய், பெற்ற மகளுக்கு முன்னால் நிற்கவே வெட்கமாகிவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்தாள், பாத்திரம் தேய்த்தாள்.

கோமதி பரீட்சை எழுதினாள், அதாவது அவள் சொல்ல, பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்தி எழுதினாள். நல்ல மார்க்கில் பாஸானாள். திருநெல்வேலியில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இடமும், ஹாஸ்டலும் கிடைத்தன. செய்தி தெரிந்ததும் ஊர் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வேலுத்தாய் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். "பாஸாயிட்டாளாமே" என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள். "என்ன செய்ய மதினி, எல்லாம் நம்ம தலையெழுத்து" என்று குருவம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் ஊரணியை ஒரு தடவை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று பிரசிடெண்ட் கேட்டார். நன்றி கெட்டவர் இல்லை, மந்தையில் பெரிய பாராட்டு விழாவே ஏற்பாடு செய்தார். பொன்னாடை, மாலை, அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல், எல்லாம் உண்டு. எல்லாம் முடிந்ததும் வேலுத்தாய் மேடையேறி அன்றைக்குச் சொன்ன மாதிரி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான். முதலில் மரியாதை, அப்புறம் ஏச்சு, இதில் ஊருக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

"நீ சொல்லும்மா. நான் நிக்கேன். பாவம், இனிமே அவுக என்ன செய்வாக" என்றாள் கோமதி, பெட்டியில் துணியை அடுக்கியபடி.

மந்தையில் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகக் குடங்கள் ஊரணிக் கரைவரைக்கும் நின்றன. குருவம்மாள் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பிரசிடெண்ட் வாழ்த்துமடலை வாசித்து முடித்தார், கோமதிக்குப் பொன்னாடை போர்த்தினார், மைக்கை வேலுத்தாயிடம் நீட்டினார். கோமதி பொன்னாடையும் மாலையுமாக ஒரு அடி முன்னால் வந்து, அடி வாங்கப் பழகிய பிள்ளை கையை நீட்டுகிற மாதிரி, கேட்பதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டாள். வேலுத்தாய் அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

"அந்த மடல இங்க குடுங்க அண்ணாச்சி" என்றாள்.

"அதத்தான் நான் வாசிச்சாச்சே தாயி."

"நானும் வாசிக்கேன்."

மகளைத் தாண்டி முன்னால் வந்து, மைக்கைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் சொல்லிலேயே எழுத்துகள் கூட்டம் கூடிவிட்டன. "பெ" என்றாள். "பெரு" என்றாள். அங்கேயே நின்றாள், பின்னால் போனாள், மறுபடி "பெ" என்று ஆரம்பித்தாள், மைக் அதை ஊரணிக் கரைவரைக்கும் கொண்டுபோனது. கூட்டத்தில் யாரோ, "கண்ணாடி கொண்டாரலயா?" என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

"எனக்குக் கண்ணாடியே கெடையாது. எனக்கு வாசிக்க வராது. சின்னப் பிள்ளையிலருந்தே வராது. இவ அப்பா வீட்டு வழின்னு சொன்னது பொய். எங்க வம்சத்துல இல்லன்னு இந்த மைக்குல சொன்னதும் பொய். இவ என்னக் கொண்டுதான் பொறந்திருக்கா. இது தெரிஞ்சும் இவள நிக்கவச்சு நானும் தண்ணி பிடிச்சேன்." சொல்லிவிட்டு மறுபடியும் மடலுக்குத் திரும்பினாள். "பெ... பெரு... பெரும..."

ஊர் பழக்கத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தது. பிரசிடெண்டுக்குச் சட்டென்று ஒரு யோசனை ஓடியது, அது மற்றவர்களுக்கும் ஓடியது, தனக்காக வெட்கப்படாத பிள்ளை தாய்க்காக வெட்கப்படுவாள் அல்லவா? ஊரறியப் பெற்றவள் தலைகுனிந்து நிற்பதைவிடப் பெரிய வெட்கம் ஒரு மகளுக்கு வேறு உண்டா? "சிரிங்க, சிரிங்க" என்று அவர் கையைக் காட்டினார். சிரித்தார்கள். ஆரஞ்சு மிட்டாய்ப் பிள்ளைகள் சிரித்தன, பெண்கள் சிரித்தார்கள், குருவம்மாள் பேரனைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள், அந்த மந்தையில் அவ்வளவு பெரிய சிரிப்பு அதுவரை எழுந்ததில்லை.

வேலுத்தாய்க்குச் சிரிப்பு ஒரு பொருட்டாக இல்லை. அவளுக்கு வேறு பயம். மகள் தனக்குப் பின்னால்தான் நிற்கிறாள், திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேலுத்தாய்க்குத் தைரியமில்லை, பார்க்கவும் தேவையில்லை. இப்போது ஒரு சொட்டு விழுந்தாலும் போதும், அந்தப் பிள்ளை தன்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று தெரிந்துவிடும். ஊர் முழுக்க மழை வேண்டுமென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மழை வந்துவிடக் கூடாதே என்று தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். இடறினாள். பின்னால் வந்தாள். மறுபடியும் போனாள், அப்படியே வரி வரியாக இறங்கினாள்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சிரித்தவர்களுக்கு இருமல் வந்தது. மழைச் சத்தம் வந்து மூடிக்கொள்ளாத ஒரு திணறலை அந்த ஊர் முதன்முறையாக முழுசாகக் கேட்டது, கேட்கக் கேட்க ஒவ்வொருவராக வானத்திலிருந்து கண்ணை இறக்கினார்கள், இறக்கிய கண்ணைப் பக்கத்திலிருப்பவர் மேல் வைக்க முடியாமல் தத்தம் காலி குடத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"இன்னும் ரெண்டு வரிதாம்மா இருக்கு. வாசி" என்றாள் கோமதி, பக்கத்தில் வந்து நின்று.

வேலுத்தாய் சட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மகளின் காலடியைப் பார்த்தாள். கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.